தரைப்பாலத்துக் குப்பையும் ஜெனீவா வரைவும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் கொசஸ்தலை ஆறு வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் மழை வலுத்து, கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் மட்டும் ஒரே இரவில் ஆறு பெருக்கெடுத்து வரும். தரைப்பாலங்கள் மூழ்கும், கிராமங்களுக்குப் போக்குவரத்து நின்றுபோகும், கரையோர மக்களுக்கு வருவாய்த் துறை எச்சரிக்கை விடும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்ததும், சுமந்து வந்ததில் ஒரு பங்கை ஆறு விட்டுவிட்டுப் போகும். பாலத்தின் குழாய் வாய்களை அடைத்தபடி ஒரு கொத்து. கரையோரச் சீமைக் கருவேல முள்ளில் கிழிந்து தொங்கும் பாலிதீன் கவர்கள். சேறு காய்ந்ததும் உற்றுப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும்: ஷாம்பு சாஷேயின் கிள்ளி எறிந்த மூலை, உட்புறம் வெள்ளியாக மின்னும் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டிலின் நீல மூடி, பாக்கு உறை. இவற்றில் எது பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் விற்றது, எது நகரியிலிருந்தோ சித்தூர்ப் பக்கத்திலிருந்தோ வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் மாசு பற்றி உலக நாடுகள் 2022 முதல் நடத்திவரும் பேச்சுவார்த்தையின் சிக்கல் முழுவதும் இந்தக் கொத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த ஆறு ஏறக்குறைய 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. வழியில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 1944-ல் கட்டி முடித்தது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு, பிறகு மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும். எனவே தரைப்பாலத்தில் சிக்கிய கவர் நேரே கடலுக்குப் போய்ச் சேர்கிறது என்று எழுதினால் அது மிகை. பெரும்பாலானவை ஆற்று மணலிலும் ஏரிப் படுகையிலும் வெயிலில் காய்ந்து, பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகின்றன. பூண்டியில் மதகு திறக்கும் பெருமழைக் காலத்தில் அவற்றில் ஒரு பகுதி கீழே இறங்குகிறது. கடலைச் சேர்வது கொஞ்சம், வழியில் தங்குவது நிறைய. தங்குவது நாம் குடிக்கிற தண்ணீரிலும் விளைகிற நிலத்திலும் தங்குகிறது. 2022 மார்ச் 2 அன்று நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை இதை உணர்ந்துதான் தன் தீர்மானத்தின் சொற்களைத் தேர்ந்தெடுத்தது. 'கடல் பிளாஸ்டிக் மாசு' என்று அது எழுதவில்லை; 'கடற்சூழல் உள்ளிட்ட பிளாஸ்டிக் மாசு' என்று எழுதியது. பிளாஸ்டிக்கின் 'முழு வாழ்நாளையும்' கணக்கில் கொள்ளும், சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை 2024 முடிவதற்குள் எழுத வேண்டும் என்று 175 நாடுகளின் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டார்கள். 'உள்ளிட்ட' என்ற அந்த ஒரு சொல்லால்தான் கடலைப் பார்க்காத பள்ளிப்பட்டும் உலகச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது.

அதற்கு முன் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. கப்பல்களிலிருந்து குப்பை கொட்டுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வகைப் பிளாஸ்டிக்கையும், அறுந்துபோன நைலான் வலை உட்பட, கடலில் வீசக் கூடாது என்பது அதன் விதி. நிலத்துக் கழிவைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதை 1972-ம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. கடலின் அரசியல் சட்டம் என்று சொல்லத்தக்க 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, எந்த வழியாக வரும் மாசையும் தடுப்பது நாடுகளின் கடமை என்கிறது. ஆனால் அதன் சொற்களைக் கவனித்துப் படித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். கப்பல் மாசைப் பற்றிச் சொல்லும்போது, உள்நாட்டுச் சட்டம் உலக விதிகளுக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. நிலத்திலிருந்து வரும் மாசைப் பற்றிப் பேசும் 207-வது பிரிவிலோ, உலக விதிகளை 'கருத்தில் கொண்டு' சட்டம் இயற்றுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கருத்தில் கொள்ள அப்படியொரு உலக விதியும் பிளாஸ்டிக்குக்கு எழுதப்படவில்லை. 1995-ல் வாஷிங்டனில் நிலவழி மாசுக்கென ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை. பிளாஸ்டிக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கைத் திருத்தம் 2021 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் கழிவான பிறகு. கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு நிலத்திலிருந்து போகிறது. சட்டத்தின் கண்டிப்போ கப்பலோடு நின்றுவிடுகிறது.

கப்பலிலாவது சட்டம் சரியாகப் பிடிக்கிறதா? நமக்குப் பக்கத்திலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே, சிங்கப்பூர்க் கொடியுடன் நின்ற எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 டன் நைட்ரிக் அமிலமும், ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் அவற்றில் அடக்கம். குடம், வாளி, கவர் எது செய்வதானாலும் மூலப்பொருளாக ஆலைக்கு வருவது இந்தக் குருணைதான். உலகச் சந்தையில் அதன் பெயர் நர்டில். மைசூர்ப் பருப்பு அளவு, வெள்ளை, மிதக்கும். ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கியபோது நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரை பனி விழுந்தது போல் வெளுத்துக் கிடந்தது. தீயில் வெந்தவை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகி மணலில் புதைந்தன; கருகிய கட்டி எது, கருங்கல் துண்டு எது என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கடற்படையினரும் ஊர்க்காரர்களும் சல்லடை போட்டு மணலைச் சலித்தார்கள். ஒவ்வோர் அலைக்கும் புதிதாக வந்து சேர்ந்தது. மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள், நூற்றுக்கணக்கான கடலாமைகள் செத்து ஒதுங்கின. ஒரே விபத்தில் இவ்வளவு பிளாஸ்டிக் கடலில் கொட்டியதாக உலகில் வேறு பதிவு இல்லை.

இழப்பீடு என்ன ஆயிற்று என்பதைத்தான் சட்டத்தின் கதையாக வாசிக்க வேண்டும். கடல்சார் உரிமைகோரல்களில் கப்பல் உரிமையாளர் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கும் உடன்படிக்கை 1976-ல் உருவாகி 1996-ல் திருத்தப்பட்டது. சேதம் எவ்வளவு என்பதை வைத்து அந்த வரம்பு முடிவாவதில்லை. கப்பலின் கொள்ளளவை வைத்து முடிவாகிறது. அதன்படி லண்டன் நீதிமன்றம் 2023-ல் பேர்ள் கப்பலின் பொறுப்பை ஏறக்குறைய 1.9 கோடி பவுண்டுக்குள் நிறுத்தியது. இலங்கை உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மீனவர்களும் சூழலியலாளர்களும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2025 ஜூலை 24 அன்று 100 கோடி டாலர் தரும்படி தீர்ப்பளித்தது. கப்பல் நிறுவனம் கட்ட மறுத்துவிட்டது. ஒரே சேதத்துக்கு இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் சொன்ன தொகைகளுக்கு இடையே பல மடங்கு வித்தியாசம். இடையில் நிற்கிற மீனவருக்கு எது உண்மையான கணக்கு? இலங்கை அரசு விபத்து நடந்த வருஷமே சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் போய், பிளாஸ்டிக் குருணையை ஆபத்தான சரக்குப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்டது. அமைப்பு 2024-ல் தந்தது பரிந்துரைகள் மட்டும்: நல்ல பொதியில் கட்டுங்கள், சரக்கு இன்னதென்று எழுதுங்கள், இயன்றவரை தளத்துக்குக் கீழே வையுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை.

அதற்குள் இரண்டாவது சாட்சி வந்தது. 2025 மே 25 அன்று லைபீரியக் கொடியுடன் வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கொச்சிக்கு அருகே 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. சில நாட்களில் அதே வெள்ளைக் குருணை திருவனந்தபுரம் கடற்கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்து, 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1967-ல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக் கடலில் உடைந்தபோது, இரண்டே வருஷத்தில் எண்ணெய் மாசுக்கான இழப்பீட்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. பிறகு அதற்கென்று ஒரு பன்னாட்டு நிதியும் வந்தது. பிளாஸ்டிக் குருணைக்கு அப்படி ஒரு நிதி இல்லை, கட்டாய விதியும் இல்லை. எண்ணெயிலிருந்து பிறந்த பொருள், எண்ணெய்க்கு இருக்கும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இந்த ஓட்டைகளை அடைப்பதற்காகத்தான் நைரோபித் தீர்மானத்துக்குப் பின் பேச்சுவார்த்தைக் குழு கூடத் தொடங்கியது. உருகுவேயின் புந்தா டெல் எஸ்தேயில் ஆரம்பித்து பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, 2024 நவம்பரில் தென்கொரியாவின் பூசான், பிறகு 2025 ஆகஸ்டில் ஜெனீவா என்று ஊர் ஊராக நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிரிவினை ஒரே இடத்தில்தான் விழுந்தது. நார்வேயும் ருவாண்டாவும் தலைமை தாங்கும் அணியும், அவர்களோடு சேர்ந்த தீவு நாடுகளும், ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளும் உற்பத்தியைக் குறைக்க வேண்டும், தீங்கான ரசாயனங்களையும் தேவையற்ற பொருட்களையும் பட்டியல் போட்டு உலகம் முழுக்க ஒரே நாளில் நிறுத்த வேண்டும் என்றன. பூசானில் இந்தப் பக்கம் நூறு நாடுகளுக்கு மேல் நின்றன. சவூதி அரேபியா, ரஷ்யா, ஈரான் போன்ற எண்ணெய் நாடுகள், உடன்படிக்கை கழிவைப் பற்றி மட்டும் பேசட்டும் என்றன. ஜெனீவாவில் ஆகஸ்ட் 13 அன்று குழுவின் அப்போதைய தலைவர் லூயிஸ் வயாஸ் வைத்த வரைவில் உற்பத்தி வரம்பு என்ற பேச்சே இல்லை. பல நாடுகள் அங்கேயே அதை நிராகரித்தன. விடிய விடியப் பேசி, 15-ம் தேதி காலையில் வேறொரு வரைவு வந்தது, அதிலும் ஒற்றுமை வரவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

இந்தியா இதில் எந்தப் பக்கம்? பூசானில் நம் அரசு, மூலப் பிளாஸ்டிக் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் எந்த விதியையும் ஆதரிக்க முடியாது, அது வளர்ச்சிக்கான உரிமையைத் தொடுகிறது என்றது. ஜெனீவாவில், குறிப்பிட்ட பொருட்களை இந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்ற உலகப் பட்டியல் வேண்டாம், ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கு ஏற்பச் செய்துகொள்ளட்டும், எல்லா முடிவும் ஒருமித்த கருத்தால் மட்டும் எடுக்கப்பட வேண்டும் என்றது. இந்த நிலைப்பாடு தவறு என்பது என் கருத்து. அதற்கு நான் காட்டும் முதல் சான்று வெளிநாட்டில் இல்லை. ஆந்திர எல்லையில் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஆணையிட்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. விற்பதற்கு மட்டும் இல்லை, தயாரிப்பதற்கும் சேமித்து வைப்பதற்கும் தடை. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஆனால் ஆந்திரத்தில் அதே தடை, அதே நாளில், அதே அளவில் வரவில்லை. பள்ளிப்பட்டு போன்ற எல்லை ஊரில் இதன் விளைவு என்ன? பேருந்தில் சிறிது தூரம் போனால் வேறு மாநிலம், வேறு விதி. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அண்டை மாநிலங்களிலிருந்து தடை செய்த கவர்கள் வருகின்றன என்பது தமிழக அதிகாரிகளும் வணிகர் சங்கங்களும் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. இங்கே சட்டத்துக்கு அடங்கி ஆலையை மூடியவர் நஷ்டப்பட்டார், எல்லைக்கு அப்பால் ஓட்டியவர் அவருடைய வாடிக்கையாளரைப் பிடித்தார். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரம் விசைத்தறிகளின் வட்டாரம். துணி நெய்கிற ஊரிலேயே துணிப்பையைவிட பாலிதீன் கவர் மலிவாகக் கிடைத்தது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தி, 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, காதுகுடையும் குச்சி போன்றவற்றை நாடு முழுவதும் ஒரே நாளில் நிறுத்தியது. கேரி பேக்கின் குறைந்தபட்சத் தடிமனை 120 மைக்ரானுக்கு உயர்த்தியது. அதாவது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறாக இருந்தால் பயனில்லை, ஒரே பட்டியலும் ஒரே தேதியும் வேண்டும் என்பதை இந்தியா தன் அனுபவத்தில் கற்றுத் தன் வீட்டில் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஜெனீவாவில் அது எதிர்ப்பது அதே ஏற்பாட்டைத்தான். 2019-ல் நைரோபியில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பற்றிய தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடும் இந்தியாதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முரண் வருத்தம் தருகிறது.

இந்தியாவின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அமெரிக்கரும் ஐரோப்பியரும் அரை நூற்றாண்டாகக் குவித்ததை நம் தலையில் ஏற்றுவது அநீதி. மலிவான சின்ன சாஷேயால்தான் ஏழை வீட்டுக்கும் ஷாம்பு எட்டியது என்பதும் உண்மை. ஆனால் அநீதிக்கு மருந்து விதியே வேண்டாம் என்பதா? 1987-ல் ஓசோன் படலத்தைக் காக்க மான்ட்ரியல் உடன்பாடு எழுதியபோது இதே கேள்வி எழுந்தது. பணக்கார நாடுகள் முதலில் நிறுத்தும், வளரும் நாடுகளுக்குப் பத்து வருஷம் கூடுதல் அவகாசம், மாற்றுத் தொழில்நுட்பத்துக்குத் தனி நிதி என்று ஏற்பாடு செய்தார்கள். நிதி உறுதியான பிறகு, 1992-ல் இந்தியா சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டித் தொழில் அழிந்துவிடவில்லை. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை நமக்கு இன்னும் நெருக்கமானது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு வெளியே தெரிந்து 2001-ல் ஆலை மூடப்பட்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பாதரசத் தெர்மாமீட்டர் உட்பட எந்தெந்தப் பொருளை எந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்று பட்டியல் போடும் அந்த உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது, 2025 வரை அவகாசம் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஏற்றது. பாதரசத்துக்குப் பட்டியலும் தேதியும் ஒத்துக்கொண்ட நாட்டுக்குப் பிளாஸ்டிக்கில் மட்டும் அது வளர்ச்சிக்கு எதிரியாகத் தெரிய வேண்டியதில்லை. அவகாசமும் பணமும் கேட்பது நம் உரிமை. அவற்றைக் கேட்கிற இடம் விதிக்கு உள்ளே இருக்கிறது.

அடுத்த மறுப்பு, பிளாஸ்டிக்கில் குற்றமில்லை, குப்பையைச் சரியாக அள்ளாததுதான் குற்றம் என்பது. அள்ளுவது அவசியம்தான், அதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். ஆனால் அள்ளுகிற கை, கொட்டுகிற கையின் வேகத்தை எட்டிப் பிடிக்குமா? பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பின் கணக்கில், 2000-ல் 23 கோடி டன்னாக இருந்த உலகப் பிளாஸ்டிக் பயன்பாடு 2019-ல் 46 கோடி டன் ஆனது. அந்த வருஷம் கழிவானது 35 கோடி டன். மறுசுழற்சியானது 9 சதவீதம். இதே போக்கில் போனால் 2060-ல் கழிவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். பணக்கார நாடுகளின் துப்புரவு ஏற்பாடுகளையும் சேர்த்துத்தான் இந்த 9 சதவீதம். இந்தியாவில் தயாரிப்பாளரே கழிவுக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டுக்கு விரிவான நெறிமுறை 2022-ல் வந்தது. மறுவருஷமே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில மறுசுழற்சி ஆலைகளைச் சோதித்தபோது, அள்ளாத கழிவை அள்ளியதாகக் காட்டும் போலிச் சான்றிதழ்கள் ஆறு லட்சம் அளவில் வெளியே வந்தன. இன்னொன்றும் இருக்கிறது. 2020-21-ல் இந்தியாவில் உருவான பிளாஸ்டிக் கழிவு ஏறக்குறைய 41 லட்சம் டன் என்பது அரசுக் கணக்கு. நேச்சர் இதழில் 2024-ல் வந்த லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வோ, இந்தியாவில் வெட்டவெளியில் எரிவதும் சிதறுவதும் மட்டும் ஆண்டுக்கு 93 லட்சம் டன், உலகிலேயே முதலிடம் என்கிறது. எது சரி என்று வாதாடலாம். இரண்டு எண்களும் இவ்வளவு தள்ளி நிற்பதற்குக் காரணம், எறிந்த கவரை எண்ணுவது இயலாத வேலை என்பதுதான். நாட்டில் பாலிமர் குருணை தயாரிக்கும் பெரிய ஆலைகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்; அவற்றின் வாசலில் டன் கணக்குத் துல்லியமாக இருக்கிறது. ஆயிரம் ஊராட்சிகளில் தூய்மைப் பணியாளர்களின் முதுகில் ஏற்றும் பொறுப்பில் ஒரு பங்கை அந்த வாசலுக்கு மாற்றினால் சட்டத்துக்கும் வேலை எளிது. மறுசுழற்சிக்கே இது உதவும். பிளாஸ்டிக்கில் 16,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள் புழங்குகின்றன, அவற்றில் 4,200 கவலைக்குரியவை என்கிறது 2024-ல் வந்த ஒரு விஞ்ஞானிகள் குழு அறிக்கை. எந்தக் கவரில் எது கலந்திருக்கிறது என்று தெரியாமல் உருக்கி மறுபடி குடமாக்குவது பாதுகாப்பான தொழிலாகாது.

வேலைவாய்ப்பைப் பற்றிய கவலை பள்ளிப்பட்டு இருக்கும் மாவட்டத்துக்கே உரியது. அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவது தொழிற்சாலைதான். பொன்னேரி வட்டத்தில் வாயலூர், புழுதிவாக்கம் பகுதியில் சுமார் 240 ஏக்கரில் பாலிமர் தொழிற்பூங்கா அமைத்தது மாநில அரசேதான், தடை கொண்டுவந்த அதே அரசு. அந்தப் பூங்காவிலிருந்து சிறிது தொலைவில் கொசஸ்தலையின் கழிமுகம். அங்கே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் வலை போடும் மீனவர்களுக்கும் அதுவே வேலைவாய்ப்பு. ஒரு பக்கத்து வேலையைக் கணக்கில் எழுதும்போது மறுபக்கத்து வேலை கணக்கிலேயே ஏறுவதில்லை. பிளாஸ்டிக் முழுவதையும் ஒழிக்கச் சொல்லி எந்த வரைவும் கேட்கவில்லை. ரத்தப் பை, சொட்டுநீர்க் குழாய், கார் உதிரிபாகம் இவற்றுக்கு யாரும் தடை கோரவில்லை. பத்து நிமிஷம் பயன்பட்டு நூறு வருஷம் கிடக்கும் பொருளைத்தான் பட்டியல் குறிவைக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டின் சிறு ஆலைகளுக்கு நேர்ந்தது நமக்கு ஒரு பாடம். தடை தனியாக வந்தது. மாற்று இயந்திரத்துக்குக் கடனோ பயிற்சியோ போதுமான அளவில் கூடவே வரவில்லை. உலக உடன்படிக்கையில் நிதிப் பிரிவு வலுவாக இருந்தால் அந்தச் சிறு ஆலைக்காரர் பணம் கேட்க ஓர் இடம் கிடைக்கும். உடன்படிக்கை இல்லாவிட்டால் அவருக்கு எப்போதும் போல் தடை மட்டும் வரும்.

ஒருமித்த கருத்து என்ற கோரிக்கைதான் எல்லாவற்றிலும் கடினமானது. வாக்கெடுப்பு வந்தால் பணக்கார நாடுகள் பணத்தையும் செல்வாக்கையும் காட்டி ஏழை நாடுகளை மடக்கிவிடும் என்ற பயம் வரலாறு தெரிந்தவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். அதனால்தான் 2023-ல் பாரிஸ் கூட்டத்தில் இந்தியா உட்படச் சில நாடுகள் வாக்கெடுப்பு விதியை எதிர்த்தன, அந்தத் தர்க்கத்திலேயே இரண்டு நாள் போயிற்று. ஆனால் ஜெனீவாவில் ஒருமித்த கருத்து யாரைக் காத்தது? விதி வேண்டும் என்று கேட்டவர்களில் பலர் பசிபிக் தீவுகளும் ஆப்பிரிக்க நாடுகளும்; அவர்களைவிட ஏழைகள் யார்? ஒருமித்த கருத்து என்றால் ஒரே ஒரு நாட்டின் மறுப்பும் போதும், அந்த மறுப்பை எண்ணெய் விற்கிற நாடு எளிதில் பயன்படுத்திக்கொள்கிறது. இதற்கும் மான்ட்ரியலில் ஒரு வழி கண்டார்கள். விதிகளைக் கடுமையாக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதோடு வளர்ந்த நாடுகளில் பெரும்பான்மை, வளரும் நாடுகளில் பெரும்பான்மை என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். பணக்கார நாடுகள் மட்டும் சேர்ந்து எதையும் திணிக்க முடியாது, ஒரு நாடு மட்டும் எதையும் முடக்கவும் முடியாது. இந்த இரட்டைப் பெரும்பான்மையை பிளாஸ்டிக் உடன்படிக்கைக்கும் கேட்கிற நாடாக இந்தியா இருந்தால், வளரும் நாடுகள் அதன் பின்னால் நிற்கும்.

பெரிய உற்பத்தி நாடுகள் கையெழுத்திடாத உடன்படிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, அந்த நாடுகள் விற்கிற சந்தையும் ஒரு வாசல் என்பதுதான் பதில். உறுப்பு நாடுகள் வெளிநாட்டுச் சரக்குக்கும் அதே விதியைப் பொருத்தினால் உற்பத்தியாளர் தானாக மாறுகிறார். மான்ட்ரியல் உடன்பாடு உறுப்பினர் அல்லாத நாடுகளோடு வணிகத்தைத் தடுத்தது இதற்காகத்தான். அந்தச் சந்தைகளில் மிகப் பெரிய ஒன்று இந்தியா. நாம் உள்ளே வந்தால் மற்றவர்கள் வெளியே நிற்பதற்கான காரணம் குறையும்.

ஆகஸ்ட் 15 காலை ஜெனீவாவில் சுற்றுக்கு விட்ட வரைவின் முன்னுரையில் ஒரு வாசகம் இருக்கிறது: பிளாஸ்டிக் உற்பத்தியும் பயன்பாடும் இன்றைய அளவில் நீடிக்கத்தக்கவை அல்ல, கழிவைக் கையாளும் திறனை அவை மீறிவிட்டன என்ற ஒப்புதல். முன்னுரை யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்குக் கீழே இருக்கும் பிரிவுகளில் உற்பத்திக்கு வரம்பு வைக்கும் விதி இல்லை. கொசஸ்தலைக்கே திரும்பினால், கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பள்ளிப்பட்டுக்கு முன்கூட்டியே தகவல் வருகிறது. கொசஸ்தலையின் மேல்பகுதியில் ஆந்திரம் புது அணைகள் கட்ட முனைந்தபோது, 2022-ல் தமிழக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறது. அதே ஆற்றில் வரும் பிளாஸ்டிக்குக்கு இரண்டும் இல்லை. அடுத்த அமர்வுக்குப் போகிற இந்தியக் குழு, முன்னுரையில் இருக்கும் அந்த வாசகத்தை விதிகளுக்குள் இறக்கவும், ஒவ்வொரு நாடும் தன் பாலிமர் உற்பத்தியை ஆண்டுதோறும் டன் கணக்கில் அறிவிக்கவும் முதலில் கேட்க வேண்டும். நம் மாநிலங்களுக்கு நாமே 2022-ல் வைத்த பட்டியலை உலகப் பட்டியலின் முதல் பக்கமாக மேசையில் வைக்கலாம்.